கட்டன் சாயா பூசிய தலை

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் ஜன்னலை உளவு பார்க்கிறாள் என்று ஒரு வாரமாகவே எனக்குச் சந்தேகம். துணி காயப்போட வருவாள். துணி கையிலேயே இருக்கும், கண் எங்கள் மேசைமேல். கறிவேப்பிலை கேட்டு வருவதும் நின்றுபோனது.

மேசையில் இருந்தது நியாண்டர்தால் மனிதனின் மண்டையோடு. அசல் அல்ல, பிளாஸ்டரில் வார்த்த நகல். பள்ளிக் கண்காட்சிக்காக டீச்சரான என் மனைவி வரவழைத்தது. வெள்ளைவெளேரென்று இருக்கிறதே என்று பால் விடாத கட்டன் சாயாவைப் பூசிப் பூசிக் காயவைத்தாள். இப்போது அது மண்ணுக்குள்ளிருந்து நேற்றுத்தான் வெளியே வந்ததுபோல் முழித்தது.

கடைசியில் அக்கா வந்தே விட்டாள். படி ஏறவில்லை.

"எங்கிட்ட மறைக்காத மக்கா. அது ஆருக்க தலை?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் அவள் அம்மாவை அடக்கம்செய்ய, அவள் அப்பாவின் குழியைத் திறந்தோம். சபைக் கல்லறையில் வேறு இடமில்லை. பழைய எலும்புகளைத் துணியில் பொதிந்து புதுப் பெட்டியின் காலடியில் வைப்பது வழக்கம். துணி, அக்கா கொடுத்த பாலராமபுரம் கைத்தறி நேரியது. அழுதவளைப் பெண்கள் தள்ளியே பிடித்திருந்தார்கள்.

"பொதி ரெம்பச் சின்னதா இருந்து," என்றாள் அக்கா.

"இது கடையில வாங்கினதாக்கும் அக்கா, சாயா பூசினது நான்," என்றாள் மனைவி.

"கடையில தலை விப்பினுமா? நல்ல கதை டீச்சரே!"

மனைவி மண்டையோட்டை அவள் கையிலேயே கொடுத்தாள். அக்கா புரட்டினாள், கீழ்த்தாடையைத் தடவினாள், பிறகு தன் முகவாயை.

"இவனுக்கு நாடியே இல்லியே. எங்க அப்பனுக்கு இந்தா, என்னைமாதிரி கூர்நாடி."

"இந்த இனத்துக்கே நாடி கிடையாது அக்கா."

எங்கள்மேல் இருந்த சந்தேகம் இறங்கியது. முகம் தெளியவில்லை.

"அப்பம் அப்பனுக்க தலை எங்க?"

"பொதியில உண்டு. குழிக்குள்ள நானும் இறங்கினேன். என் கையாலதான் வச்சேன்," என்றேன்.

சோதனைச்சாவடிப் போலீஸ்போல என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் அப்பா இறந்த பிறகுதான் நாங்கள் இங்கே குடிவந்தோம். அவரை நான் பார்த்ததே இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

"பல்லு எப்பிடி?"

"ஒண்ணுகூட இல்ல அக்கா."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானை கண்ணுக்குப் போனது. அப்பன்தான் என்று தலையாட்டினாள்.

"இவனுக்குப் பூசினதுபோக மிச்சம் சாயா உண்டுமா டீச்சரே?"

மனைவி மண்டையோட்டை அவளிடமிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு அடுப்பை நோக்கித் திரும்பினாள்.

"முதல்ல அவனைச் சுவருக்குத் திருப்பி வை."