ஒரு சொல், இரண்டு பின்னல்: எங்கள் அக்காவின் குழந்தைச் சட்டை

பேரன்புடைய உறவுகளே, நண்பர்களே,

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், நான் இதை அழுது அழுது எழுதியிருப்பேன் என்று நினைப்பீர்கள். அழுதது உண்மைதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. அதுவும் ஆறுதலான பெருமூச்சு. அக்கா நிம்மதியாகப் போனார். அந்த நிம்மதி கடைசி நேரத்தில் கை நழுவப் பார்த்தது. அது எப்படித் திரும்பக் கிடைத்தது என்பதை, அவருடைய ஒரே தம்பி என்ற உரிமையில் இங்கே எழுதுகிறேன்.

அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார். படிப்பில் நடுத்தரம். கைவேலை வகுப்பில் மட்டும் அவரை ஒருவரும் அசைக்க முடியாது. கொக்கி ஊசி ஒன்றால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னுகிற குரோஷே வேலையை அங்கே ஆங்கிலேயர் காலத்துப் புத்தகங்களை வைத்துத்தான் கற்பித்தார்கள். பின்னல்களின் பெயரெல்லாம் ஆங்கிலத்தில்தான். அக்காவுக்கு ஆங்கிலத்தில் நன்றாக வந்த சொற்களும் அவைதான்.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியபோதும் அந்த ஊசி அவருடைய பைக்குள் இருந்தது. புது நூல் கிடைக்காது. பின்னியதையே பிரித்து, அதே நூலில் வேறொன்று பின்னுவார். "கண்டறியாத பின்னல்! சோத்துக்கு வழியைப் பார்" என்று அம்மா ஏசுவார். அக்கா அடுத்த வளையத்தை இழுப்பார். அவருடைய குணமே அதுதான். ஏச்சை ஒரு காதால் வாங்கி, ஊசியை விடாமல் இருப்பார்.

அத்தானைக் கைப்பிடித்துக் குவைத்துக்கு வந்தபோது அப்பாசியாவில் வேறொரு குடும்பத்தோடு பங்குபோட்ட ஃபிளாட்டில் ஓர் அறை கிடைத்தது. சமையலுக்கு முறை, குளியலறைக்கு முறை. மகள் பிறந்ததும் அந்த அறையில்தான். அத்தான் எடுத்துத் தந்த விசாவில் நானும் வந்து சேர்ந்து, அதே கட்டிடத்தில் குடியேறினேன். என் முதல் குளிர்காலத்துக்கு அக்கா ஒரு கம்பளித் தொப்பி பின்னித் தந்தார். "குவைத்திலை ஆருக்கக்கா ஊல் தொப்பி?" என்று சிரித்தேன். தை மாதத்து விடியற்காலை டியூட்டிக்கு பஸ் பிடிக்கப் போனபோது என் சிரிப்பு அடங்கிவிட்டது.

பிறகு ஃபர்வானியாவில் ஒரு பெண்கள் துணிக்கடையில் தையல் வேலை செய்தார். அக்கா சொந்தமாக வடிவமைத்துப் பின்னிக் கொடுத்த சால்வைகளைக் கடைக்காரர் "டர்க்கி மாடல்" என்று சொல்லித்தான் விற்பார். அக்கா பக்கத்தில் நின்று பொதி கட்டிக் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது உங்கடை மொடல் எண்டு சொல்லுங்கோவன்" என்பேன். "எங்கடை மூஞ்சையைப் பாத்தால் ஆரடா மொடல் செய்யிறவள் எண்டு நம்புவினம்?" என்று சிரிப்பார். சிரித்தாலும் அது அவருக்குள் இருந்தது. மகளிடம் ஒரு தரம், "ஒண்டு, ஒண்டே ஒண்டு என்ரை பேரோடை வெளியிலை வரவேணும்" என்று சொல்லியிருக்கிறார். மகள்தான் அக்காவின் பின்னல்களைப் படம் பிடித்து இணையத்தில் போடத் தொடங்கினாள்.

அந்தப் படங்களில் ஒன்று கைக்குழந்தைக்கான சட்டை. எங்கள் கட்டிடத்துக்கு எதிரே இருக்கும் கட்டிடத்தின் சுவர் முழுக்க ஏ.சி. பெட்டிகள் வரிசை வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நாங்களெல்லாம் அதைப் பார்த்து முகம் சுளிப்போம். அக்கா யன்னலோரம் இருந்து அதையே பார்த்துப் பார்த்து, தூசுக்காற்று அடிக்கிற நாளின் மண் நிறத்தில், சின்னச் சின்னப் பெட்டிகள் புடைத்து நிற்கிற மாதிரி அந்தச் சட்டையை வடிவமைத்தார். அவ்வளவு அவலட்சணமான சுவரில் இருந்து அவ்வளவு அழகான சட்டை வந்தது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

அதை அமெரிக்காவில் இருந்த ஒரு பதிப்பாசிரியர் பார்த்தார். அவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. பின்னல் புத்தகங்களில் எப்போதும் வெள்ளைக்காரப் பெண்களின் பெயரும் படமுமே வருகின்றன என்று, கறுப்பு, மண்ணிறத் தோல் கொண்ட வடிவமைப்பாளர்களின் பின்னல் குறிப்புகளை மட்டும் சேர்த்து ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். அக்காவின் சட்டை வேண்டும், பெயரும் படமும் வேண்டும் என்று கேட்டார். அக்காவுக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. புடவைக்கடைக்குப் போய்ப் படத்துக்கென்று புதுச் சேலை எடுத்தார். அத்தானுக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் அக்கா "ஏதோ பின்னுறா" என்பதுதான். அவர் அப்பாசியாவில் சந்திக்கிற ஆட்களிடமெல்லாம் "என்ரை மனிசி டிசைனர்" என்று சொல்லத் தொடங்கினார்.

அக்காவின் வயிற்றில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்னதும் அந்த நாட்களில்தான். சிகிச்சை தொடங்கியது. முடி கொட்டியது. அக்கா தனக்கே ஒரு தொப்பி பின்னிப் போட்டுக்கொண்டு, பின்னல் குறிப்பை எழுதி முடித்து அனுப்பினார்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு குறிப்பையும் பல நாடுகளில் இருப்பவர்கள் பின்னிப் பார்ப்பது அந்தத் துறையின் வழக்கம். அங்கேதான் இடி விழுந்தது. சிலருக்குச் சட்டை அளவாக வந்தது. பலருக்கு, கைக்குழந்தைச் சட்டை பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் போடுகிற அளவில் வந்தது. திருத்தி அனுப்பச் சொன்னார்கள். அக்கா மறுபடி எழுதினார். மறுபடியும் பெரிய சட்டை. எழுதிய சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது என்று தெரியாதவர் எத்தனை தரம் எழுதினாலும் அதே சொல்லைத்தானே எழுதுவார்! பின்னிப் பார்த்தவர்களில் ஒரு பெண், "இவர் இதை உண்மையிலேயே தானே வடிவமைத்தாரா, எங்கிருந்தாவது எடுத்தாரா?" என்று அவர்களின் இணையக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டார். பதிப்பாசிரியர் மரியாதையாகத்தான் எழுதினார். ஆனாலும் சிக்கல் தீராவிட்டால், மனமில்லாமல் இந்தச் சட்டையை விட்டுவிட்டுத்தான் அச்சுக்குப் போகவேண்டி வரும் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா கோபப்படவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஊசியை ஒரு பக்கம் வைத்துவிட்டார்.

"கலாஸ் தம்பி. விடு."

"என்ன கலாஸ்? நீங்கள் செய்ததுதானே! நான் ரெண்டு வார்த்தை நறுக்கெண்டு எழுதிவிடுறன்."

"எழுதி? பிழை என்ரை பக்கம் இருந்தால்? மருந்து ஏத்த ஏத்த எனக்கு மூளை மழுங்குது போலை கிடக்கு."

தன் கையின்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இடம்பெயர்ந்து ஓடியபோதும் அசையாத நம்பிக்கை அது. நோய்கூட அக்காவை அப்படிச் சாய்க்கவில்லை.

எங்கள் கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் லிசி என்ற மலையாளி நர்ஸ் இருந்தார். டியூட்டி முடிந்தால் அக்காவை எட்டிப் பார்க்காமல் போக மாட்டார். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் குரோஷே படித்தவர். தன் தங்கையின் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு இந்தச் சட்டையையே பின்னப்போவதாகச் சொல்லி, ஒரு மாலை அக்காவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அக்காவை மறுபடி ஊசி பிடிக்கவைக்க அது அவருடைய சூழ்ச்சி என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

நான் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அக்காவின் குரல் உயர்ந்தது. பல நாட்களாக அந்தக் குரல் அப்படி உயர்ந்ததில்லை.

"டிரெபிள்! டிரெபிள் எண்டு சொல்லுறன், விளங்கேல்லையே?"

எனக்கு "டிரபிள்" என்றுதான் கேட்டது. தேநீரைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினேன்.

"என்ன டிரபிள்? ஆம்புலன்சுக்கு அடிக்கட்டோ?"

"போடா விசரா! டிரபிள் இல்லையடா, டிரெபிள்! இவ பின்னுறது டிரெபிள். நான் டபுள் எண்டெல்லே எழுதியிருக்கிறன்!"

லிசி விடுவதாக இல்லை. "சேச்சி, இது டபுள் ஆணு. டபுள் குரோஷே. ஞான் படிச்சது இதாணு."

"எனக்குச் சிஸ்டர் படிப்பிச்சது இது." அக்கா லிசியின் கையில் இருந்த ஊசியைப் பறித்து, நாள்கணக்காகத் தொடாத விரல்களால் கட்டை குட்டையாக ஒரு பின்னல் போட்டுக் காட்டினார். "இதுதான் டபுள்!"

"அய்யோ சேச்சி, அது சிங்கிள் அல்லே!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லிசி தொலைபேசியை எடுத்து இணையத்தில் தேடினார். விஷயம் இதுதான். அக்கா படித்த பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்றால் குட்டைப் பின்னல். அமெரிக்க முறையில் அதே பெயர் அதைவிட உயரமான பின்னலுக்கு. சொல் ஒன்று, பின்னல் இரண்டு. பிரிட்டிஷ் முறை தெரிந்தவர்களுக்குச் சட்டை அளவாக வந்தது. மற்றவர்களுக்கு வளர்ந்துகொண்டே போனது. அக்கா மற்றவர்களின் குறிப்பைப் படித்துப் பின்னியவர் அல்லர், படத்தைப் பார்த்தாலே அவருக்குப் போதும். அதனால் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தார். "எட தம்பி, அவையளும் சரி, நானும் சரியடா!" என்றார். அவ்வளவு நாளும் என் நெஞ்சில் இருந்த கல் அந்த நிமிடமே இறங்கியது.

மறுநாள் பதிப்பாசிரியர் வீடியோவில் பேசினார். லிசி இரண்டு பின்னலையும் தூக்கிக் காட்ட, அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். தாங்களே முதலில் எந்த முறை என்று கேட்டிருக்கவேண்டும், எல்லாரும் தங்களைப் போலத்தான் எழுதுவார்கள் என்று நினைத்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டார். அச்சை நிறுத்திவைப்பதாகவும் சொன்னார். அக்கா கட்டிலில் சாய்ந்தபடியே ஒவ்வொரு பின்னலுக்கும் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சந்தேகப்பட்டு எழுதிய பெண்ணும், எல்லாரும் பார்க்கும் அதே இடத்தில் மன்னிப்புக் கேட்டு ஒரு படம் அனுப்பினார். பெரிதாய் வந்துவிட்ட சட்டையை அவருடைய மூத்த பிள்ளை போட்டுக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று நிற்கிறான். அக்கா அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டினார். அப்படிப் பெரிதாய் வந்த சட்டைகள் ஒன்றும் வீணாகவில்லை என்பதில் அவருக்கு மெத்தச் சந்தோசம்.

புத்தகம் வந்து சேர்ந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். உறவினர் பார்க்கும் நேரத்தில் கொண்டுபோய், அவருடைய முழுப்பெயரும் படமும் அச்சாகியிருந்த பக்கத்தை விரித்துக் காட்டினோம். அக்கா பெயரை விரலால் ஒரு தரம் தடவினார். "மூக்கு பெரிசா விழுந்திட்டுது" என்றார். பிறகு படிக்க மூக்குக்கண்ணாடியைக் கேட்டார்.

"இஞ்சேரும், களைக்கும். பிறகு பாரும்" என்றார் அத்தான்.

"பொறுங்கோ."

குறிப்பை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படித்தார். படிக்கப் படிக்க வலது கை விரல்கள் போர்வைக்குமேல் பின்னிக்கொண்டிருந்தன. முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிழை ஒண்டும் இல்லை. இனி நான் இல்லாட்டியும் ஆரும் பின்னலாம்."

புத்தகத்தை அத்தானிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினார். அதற்குப் பின் அவர் எதையும் கேட்கவில்லை. சில நாட்களில், வலியில்லாமல், மகளும் அத்தானும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாக மூச்சு அடங்கியது.

அக்காவைக் கடைசிவரை பிள்ளையைப் போலப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் நன்றி. பத்திரங்களுக்கு அலைந்து அக்காவின் உடலைச் சொந்த மண்ணுக்கு அனுப்ப உதவிய அப்பாசியா நண்பர்களுக்கும், பருத்தித்துறையில் எங்களுக்காகக் காத்து நின்று காரியங்களை முன்னின்று செய்த உறவினருக்கும் நன்றி. அச்சை நிறுத்திவைத்த அந்தப் பதிப்பாசிரியருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவோடு சண்டை பிடித்த லிசிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மட்டும் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு நன்றி. நாங்கள் கண்டிராத ஊர்களில், எங்களுக்கு முகம் தெரியாதவர்கள் அந்தச் சட்டையைப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள். குளிருக்குப் பிள்ளைகளுக்குப் போட்டுப் படம் அனுப்புகிறார்கள். மகளுக்கு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. படம்தான் வருகிறது. சந்தேகம் கேட்டு இதுவரை ஒருவரும் எழுதவில்லை.