மாடசாமி ஷூவைக் கழற்றிய தெரு

போன வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது போன் வந்தது. "ஏலே, மாடசாமி போயிட்டாம்லே." எங்கள் பழைய வாலிபால் டீமில் ஒருவன்தான் பேசினான். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார முடியாமல் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன்.

அவனோடு ஆடியவர்களுக்குத் தெரியும். பந்தை வாகாகத் தூக்கிக் கொடுக்கிற லிப்டர் அவன், அடிக்கிறவன் நான். கைதட்டல் முழுக்க எனக்குத்தான். "நீ சும்மா எவ்வுலே, பந்து வரும்" என்பான். வரும். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள். அவன் காலனிப் பையன் என்பது எனக்கு நினைவுக்கே வந்ததில்லை என்று பீற்றிக்கொள்வேன். ஊர்த்தெருவில் பிறந்த எனக்கென்ன, வராமல்தான் இருந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில், வத்திராயிருப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் பைனல் ஜெயித்தோம். ஜெயித்த டீம் கோப்பையோடு, கொட்டு முழங்கத் தெருத்தெருவாகச் சுற்றிவந்த பிறகுதான் அங்கே சாப்பாடு. யார் சொல்லிவிட்டார்களோ, மேலத்தெரு முனையில் ஒரு பெரியவர் மறித்தார். "காலனிப் பய கால்ல ஷூவோட எங்க தெருவுல வாரதா? கழட்டச் சொல்லுங்கலே."

கேப்டன் நான். கோப்பை என் கையில். கொட்டு நின்றுவிட்டது, எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வெட்கங்கெட்ட நான் அவன் காதருகே போய்ச் சொன்னேன்: "கழட்டிருலே. செத்த நேரந்தான்."

"சரி, கேப்டன்" என்றான். குனிந்து நாடாவை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் கையில் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுத்த மேட்சில் பந்து மட்டும் எப்போதும்போல அதே உயரத்தில் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள், அவன் வேலைபார்த்த மில் வாசலில் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டேன். "அன்னைக்கு நான் என்னதாம்லே செஞ்சிருக்கணும்? சண்டை போட்டிருந்தா உன்னயத்தான அடிச்சிருப்பாக?"

"நீயும் கழட்டியிருக்கலாம்ல, கேப்டன்" என்றான், டீயை ஆற்றிக்கொண்டே. அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. சீ, என்ன புத்தி!

அடக்கம் முடிந்ததும் அவன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "கேப்டன் நீங்கதான? அப்பா சொல்லுவாக. கப்பு ஜெயிச்ச அன்னைக்கு அந்த ஊர்த் தெருவெல்லாம் ரெண்டு பேரும் தோள்ல கை போட்டு நடந்தீகளாமே."

நடக்கவில்லை, தம்பி. உன் அப்பா வெறுங்காலோடு நடந்தார். கழற்றச் சொன்னவன் நான். உன் முன்னால் நின்றபோது வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். என் மானத்தைக் காப்பாற்ற அவர் சொல்லிவைத்த கதையை நான் வைத்துக்கொள்ளக் கூடாது. என்னிடம் இருக்க வேண்டியது மில் வாசலில் அவர் சொன்ன அந்த ஒரு வரிதான்.