அம்மாவின் ஒத்திப் பணம்

என் அம்மா கிருபாபாய் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். கோன் வைண்டிங், நூலைக் கூம்பில் சுற்றும் பிரிவு. ஓடும்போது அறுந்த நூலை முடிந்து மறுபடி ஓட விடுவது வேலை. போன வருடம் ஜூலையில் ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஓய்வு பெற்றாள். டிசம்பரில் இறந்துவிட்டாள். இடையில் இருந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நினைத்தாள். அது நடக்காமல் போனதில் என் பங்கு உண்டு.

மலையடிப்பட்டியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். அப்பா நான் எட்டாவது படிக்கும்போது இறந்தார். அதற்குப் பிறகும் அதே வீடுதான். ஆலைப் பஞ்சு அம்மாவின் நுரையீரலைக் கெடுத்திருந்தது. இன்ஹேலர் இல்லாமல் வெளியே போக மாட்டாள். மாடி ஏறும்போது திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல், கீழ்வீட்டு மாரியாத்தாளிடம் ஏதாவது கேட்பாள். "என்ன கொழம்பு?" என்று. மாரியாத்தாள் அக்கா ஒருநாள், "தெனம் எங்கொழம்ப விசாரிக்கியளே தவிர ஒருநாளாச்சும் ருசி பாத்தியளா?" என்று கேட்டார். "வாசத்துலயே வயிறு நெறஞ்சிருது தாயி, அதான் படி ஏற முடியல" என்றாள் அம்மா.

அவள் நினைத்த காரியம், கீழ்த்தளத்தில் ஒரு ஒத்தி வீடு. வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் அவள் பிறந்த ஊர். அங்கேதான் தேடினாள். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பே, வார விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய்த் தெருத்தெருவாக விசாரித்துவிட்டு வருவாள்.

பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் சேர்ந்து நாலு லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம் வந்தது. இன்னும் வந்திருக்க வேண்டும். நான் கிருஷ்ணன்கோவிலில் என்ஜினீயரிங் படித்தபோது இரண்டு முறை பி.எஃப். பணத்திலிருந்து முன்பணம் எடுத்திருந்தாள். அந்தப் படிப்பை வைத்து நான் இப்போது ஓசூரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சென்சார் பரிசோதனை செய்கிறேன்.

பணம் சேமிப்புக் கணக்கில் கிடந்தது. வட்டி இரண்டரை சதவீதம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டேன். ஏழு நாள் டெபாசிட், நாற்பத்தாறு நாள் டெபாசிட், ஆறு மாத டெபாசிட், ஒரு வருட வங்கி டெபாசிட், தபால் நிலையத்தின் ஒரு வருட டெபாசிட், லிக்விட் ஃபண்ட். சேமிப்புக் கணக்கோடு ஏழு வரிசை. ஒவ்வொன்றுக்கும் வட்டி, ஆபத்து, அவசரத்துக்கு எடுக்க எத்தனை நாள் ஆகும், நடுவில் உடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏழு நாளைக்கு ஒரு வட்டியா? ஊறுகாகூட ஏழு நாள்ல ஊறாதேட்டி."

"அது வேண்டாம்மா. நாற்பத்தாறு நாள்னா அஞ்சு சதவீதம் கிட்ட வரும். தபாலாபீஸ்ல ஒரு வருசம்னா ஆறு புள்ளி ஒம்பது. கவர்மெண்ட். பயமே இல்ல."

"ஆறு புள்ளி ஒம்பது வருசத்துக்கா? அப்ப நூத்துக்கு மாசம் அறுபது பைசாகூட இல்ல."

அம்மாவுக்கு சதவீதம் பிடிக்காது. நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்றுதான் எப்போதும் கேட்பாள். ஒரு வட்டி, ஒன்றரை வட்டி, இரண்டு வட்டி. அந்தக் கணக்கை மனதிலேயே போடுவாள், என்னைவிட வேகமாக.

"அம்புட்டையும் ஒரு வருசத்துக்குக் கெட்டிப் போட்டுட்டா, வீடு வந்தா என்ன செய்ய?" என்றாள்.

"ஆறு மாசத்துக்குப் பொறவு எடுத்துக்கலாம். வட்டி கொறையும், அவ்வளவுதான்."

"அதுக்குள்ள வந்தா?"

"ஒரு வருசமாத் தேடுற. ஒண்ணாவது அமைஞ்சுதா? ஆறு மாசத்துக்குள்ள வராதும்மா."

"வராதுன்னு ஒனக்கு யாரு சொன்னா, ஜோசியக்காரனா?"

நான் சிரித்தேன். நாற்பத்தாறு நாள் டெபாசிட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால் வருடத்துக்கு எவ்வளவு, தபால் நிலையத்தில் எவ்வளவு என்று காட்டினேன். நாலரை லட்சத்துக்கு வித்தியாசம் ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரி, நீ படிச்சவ" என்றாள்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, நாலரை லட்சத்தை ஒரு வருட டெபாசிட்டில் போடத் தபால் நிலையத்துக்குப் போனோம். படிவத்தை நான் நிரப்பினேன். நாமினி பெயராக அம்மா என் பெயரைச் சொன்னாள். கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆறு மாசத்துக்கு என்ன ஆனாலும் எடுக்க முடியாது. தெரியும்லம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"தெரியும் சார்" என்று நான் சொன்னேன்.

டெபாசிட் போட்ட ஐம்பத்திரண்டாவது நாள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நான் ஷிஃப்டில் இருந்தேன். வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். "வைக்காதட்டி, வைக்காத. வீடு கெடைச்சிருச்சு" என்றாள்.

அந்த வார இறுதியில் கிளம்பி வந்தேன். மடவார்வளாகம் பக்கம் ஒரு சந்தில் அந்த வீடு. சொந்தக்காரர் சௌந்தரபாண்டியன், ஓய்வுபெற்ற ஏட்டு. மனைவி இறந்த பிறகு மகனோடு இருக்க பெங்களூருக்குப் போகிறார். மகன் அங்கே வீடு கட்டுகிறான். தளம் போடப் பணம் வேண்டும். அதனால்தான் ஒத்திக்கு விடுகிறார். நாலரை லட்சம்.

இரண்டு அறை, சமையலறை, வீட்டுக்குள்ளேயே குளியலறை. வாசலில் ஒரே ஒரு படி. அம்மா அந்தப் படியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

"என்ன, படியத் தேச்சிருவிய போல" என்றார் ஏட்டு.

"இல்ல அண்ணாச்சி, இம்புட்டுத்தானான்னு பாக்கேன்."

"தண்ணி தெனமும் வரும். பக்கத்துல சத்தம் சவடால் கெடையாது. ஒங்க ஆளுகளுக்கு வேதக்கோயிலும் நடந்து போற தூரந்தான். எனக்குப் பத்தாம் தேதிக்குள்ள முழுசா வேணும். தளத்துக்குக் கம்பி இறங்கிருச்சு."

"தாரேன் அண்ணாச்சி" என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தபால் நிலையத்தை அவள் மறக்கவில்லை. நான் ஏதாவது வழி செய்துவிடுவேன் என்று நம்பியிருந்தாள்.

முதலில் தபால் நிலையத்துக்குப் போனேன். அதே ஆள். விதிப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். ஆறு மாதம் முடிய வேண்டும். பிப்ரவரி பன்னிரண்டு. அந்த டெபாசிட்டை அடகாக வைத்துக் கடன் தர முடியுமா என்று இரண்டு வங்கிகளில் கேட்டேன். இரண்டிலும் இல்லை என்றார்கள். என் சம்பளத்துக்குத் தனிநபர் கடன் இரண்டு லட்சம் கிடைக்கும் என்றார்கள், பதினெட்டு சதவீத வட்டியில். கூட வேலை பார்க்கும் பெனினிடம் ஒரு லட்சம் கேட்டேன். தருகிறேன் என்றான். மூன்று லட்சம். மீதிக்கு வழி இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"பதினெட்டுன்னா ஒன்றரை வட்டி. ஒன்றரை வட்டிக்கு வாங்கி ஒண்ணேகால் வட்டியில போடச் சொல்லுதியா? ஒனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த வாத்தியாரு யாருட்டி?"

"ஒண்ணேகாலா? எது?"

"ஒத்தி வீடு. இப்ப வாடகை அய்யாயிரத்து ஐந்நூறு குடுக்கமா? அந்த வீட்டுக்குப் போனா அது மிச்சம். நாலரை லட்சத்துக்கு மாசம் அய்யாயிரத்து ஐந்நூறு. நூத்துக்கு ஒண்ணேகாலுக்குக் கொஞ்சம் கம்மி. தபாலாபீசு தாரதப்போல ரெண்டு பங்கு."

நான் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்குப் பதினாலு புள்ளி ஆறு ஏழு சதவீதம். என் அட்டவணையில் ஏழு வரிசை இருந்தது. ஒத்தி இல்லை. அதை நான் செலவு என்று நினைத்திருந்தேன். அவள் முதலிலிருந்தே அதை வட்டி என்று நினைத்திருந்தாள்.

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"நீ கேக்கலயே. நீதான் அந்தப் பொட்டியத் தெறந்து வச்சுக்கிட்டு மளமளன்னு சொன்ன. நானும் இவளுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்."

ஏட்டையாவுக்கு நானே போன் செய்தேன். மூன்று லட்சம் இப்போது, மீதி பிப்ரவரியில் என்றேன். "ஒங்கம்மாவுக்குக் குடுக்கணும்னுதாம்மா நெனச்சேன். கான்ட்ராக்டர் பிப்ரவரி வரைக்கும் நிப்பானா?" என்றார். பத்தாம் தேதி வரை காத்திருந்தார். பதினோராம் தேதி தளவாய்புரத்துக்காரர் ஒருவர் முழுத் தொகையும் கொடுத்துவிட்டார்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "பிப்ரவரியில வேற வரும்" என்றாள். சனிக்கிழமை மறுபடி பஸ் ஏறினாள். ஆனால் நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. இருமல் கூடியது. பஸ் பயணத்தை நிறுத்தினாள். கீழே இறங்குவதையும் குறைத்தாள். போனில் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு விடுவாள். ஓசூருக்கு வா என்றேன். "ஒன் ரூமு எத்தனாவது மாடி?" என்று கேட்டாள். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. கீழ்த்தள வீடு பார்க்கிறேன் என்றேன். இரண்டு பார்த்தேன். முன்பணம் கேட்டார்கள். பிப்ரவரிக்குப் பிறகு என்று வைத்தேன்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி பிற்பகல், கீழே வந்த வண்டியில் காய் வாங்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாள். திருப்பத்தில் நின்று குழம்பு விசாரிக்கும் குரல் கேட்கவில்லையே என்று மாரியாத்தாள் அக்கா எட்டிப் பார்த்திருக்கிறார். அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். பேச முடியவில்லை. வாசல் வரைக்கும்தானே என்று இன்ஹேலரை மேலே வீட்டில் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள். அக்கா ஓடிப் போய் எடுத்து வந்தார். 108 பதினைந்து நிமிடத்தில் வந்தது. ஸ்ட்ரெச்சர் அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினார்கள். ஓசூரிலிருந்து கிளம்பிய நான் சேலம் தாண்டும்போது, முடிந்துவிட்டது என்று போன் வந்தது.

படிதான் காரணமா என்று மருத்துவரைக் கேட்டேன். நுரையீரல் முன்பே மோசமாக இருந்தது, எங்கே இருந்தாலும் இது வந்திருக்கலாம் என்றார். வந்திருக்கலாமா, வந்திருக்குமா என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஜனவரி கடைசியில் தபால் நிலையத்துக்குப் போனேன். வாடகை வீட்டைக் காலி செய்யவும், காகிதங்களை ஒப்படைக்கவும் இரண்டு நாள் விடுப்பு எடுத்திருந்தேன். அதே கவுன்ட்டர். அவர் பாஸ்புக்கைப் பார்த்தார், இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"பிப்ரவரி பன்னிரண்டுக்குப் பொறவு வரணுமா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. இறந்துட்டா அந்த ஆறு மாசக் கணக்கு கெடையாது. நாமினி எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்."

படிவம் கொடுத்தார். நிரப்பினேன். கூட வந்திருந்த மாரியாத்தாள் அக்காவும் அவர் மகனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் அங்கங்கே முத்திரை குத்தினார். வேகமாகவே வேலை நடந்தது.

"தொகைய என்ன செய்யம்மா? ஒங்க பேர்ல மறுபடி டெபாசிட் போட்டுரவா? வட்டி இன்னும் அதே ஆறு புள்ளி ஒம்பதுதான்."

அவர் புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார்.

"ஒரு வருசமா, ரெண்டு வருசமா, அஞ்சு வருசமா?"

பின்னால் நின்ற பெண், "செத்த சீக்கிரம் சொல்லுங்கம்மா, பஸ்ஸுக்குப் போகணும்" என்றாள். நான் வரிசையிலிருந்து விலகி அவளுக்கு இடம் விட்டேன்.