நவ்ஷாத் ஏற்றுக்கொண்ட பிழை

அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுத்துக்கொண்டிருந்தேன். கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் நவ்ஷாத் வபாத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது. மாரடைப்பாம். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் கம்பியூட்டர் விஷயத்தில் கொழும்பிலிருந்தே என்னிடம் யோசனை கேட்பார்கள். மெஷினின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன். அதனால்தான் பள்ளிவாசல் கம்பியூட்டர் என் பொறுப்பில் இருந்தது. சுனாமியில் ஆள் தெரியாமல் அடக்கப்பட்டவர்களின் முகப் படங்கள் அதில் மட்டுமே இருந்தன.

போன வருஷம் அதில் இடம் போதவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் பெயரில்லாத சின்னப் பிரிவொன்று சும்மா கிடந்தது. அதை அழித்து, படங்கள் இருந்த பிரிவோடு சேர்த்து ஒன்றாக்கினேன். மெஷின் எழும்பவில்லை. கறுப்புத் திரைதான். அந்தரப்பட்டு, பதற்றத்தில் அதன் மேலேயே புதிதாக விண்டோஸ் ஏற்றினேன். அதுவும் பாதியில் நின்றது.

அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடும் நவ்ஷாத் வந்து பார்த்தான்.

"சின்னனெண்டு அழிச்சிட்டீங்களா காக்கா? அதுதான் மெஷின் எழும்புற வாசல். வாசல இடிச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள போறதெப்படி?"

"நானா? கரண்டு அடிச்சிரிக்கும் தம்பி."

"சரி, கரண்டுதான். அதுக்குப் பொறகு மேல ஏதும் ஏத்தினீங்களா? ஏத்தினா பழசு நசிஞ்சிரும்."

"ஒண்டும் ஏத்தல்ல."

உண்மையைச் சொல்லியிருந்தால், முதலில் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்துவிட்டுத்தான் தொட்டிருப்பான். என்னை நம்பி நேரடியாகக் கைவைத்தான். மூன்றாம் நாள் மெஷின் எழும்பியது. படங்களில் பாதி சாம்பல் நிறமாகக் கிடந்தன.

மருதமுனையிலிருந்து ஓர் உம்மா வருஷாவருஷம் வந்து ஒரே படத்தைப் பார்த்துப் போவார். தன் மகன்தான் என்று நம்பியிருந்தார். அந்தப் படமும் போயிருந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தார் முன்னால் அவர் நவ்ஷாதின் சட்டையைப் பிடித்தார்.

"என்ட புள்ளைய ரெண்டாந்தரமும் மவுத்தாக்கிப் போட்டியேடா!"

"மன்னிச்சிருங்க உம்மா. என்ட கைப்பிழை" என்றான்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "ஏன்டா தம்பி?"

"நீங்க ஏத்தினது உள்ளுக்குள்ள கிடக்கு, கண்டன். நீங்க அஞ்சு நேரமும் இந்தப் பள்ளிக்கு வாற ஆள் காக்கா. நான் கல்முனைக்குப் போயிருவன்."

அதன் பிறகு எங்கள் ஊரில் யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அவனை அடக்குமுன் நடந்த ஜனாஸாத் தொழுகையில், "மர்ஹூம் நவ்ஷாத் யாருக்கும் பிழை செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று அவன் வீட்டார் கேட்டபோதும் முன் வரிசையில் பேசாமல்தான் நின்றேன்.

நிர்வாகத்தாருக்கும் அந்த உம்மாவுக்கும் சொல்கிறேன். அழித்தது நான். மேலே ஏற்றியது நான். பொய் சொன்னதும் நான். நவ்ஷாதிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிழைதான். இனி இதை அவன் பெயரில் கதைக்காதீர்கள்.