பத்திரம் விற்ற செலவு

எங்கள் தலைமைக் கணக்கரான அம்மையார் கணக்குக் கோப்பை முதலாளியின் பக்கம் திருப்பித் தள்ளிய வேகத்தில் மேசையிலிருந்த தண்ணீர் தம்ளர் கவிழ்ந்தது. யாரும் துடைக்கவில்லை. புதுச்சேரியில் பொதுமக்களுக்குக் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டிய ஒரு நிதி நிறுவனம் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். அந்த அம்மையாருக்கு அடுத்த நாற்காலி என்னுடையது.

ஐந்து வருடப் பத்திரம் விற்க முகவருக்குக் கொடுத்த கமிஷனையும் முத்திரைக் கட்டணத்தையும் ஒரே வருடத்தின் தலையில் கட்டாமல் ஐந்து வருடத்துக்கும் பிரித்து எழுதலாம். அதில் நியாயம் உண்டு. முதலாளியோ 'பத்திரம் விற்ற செலவு' என்ற அந்தத் தலைப்புக்குள் கட்டட வாடகை, தன் கார் பெட்ரோல், எங்கள் சம்பளம் எல்லாவற்றையும் திணிக்கச் சொன்னார். அப்படி எழுதினால் அந்த வருட நஷ்டம் லாபமாகிவிடும். அந்த லாபத்தைக் காட்டி அடுத்த பத்திரம் விற்கலாம்.

"பத்திரம் விக்கலைன்னாலும் இந்த வாடகைய குடுத்துதானே ஆவணும்? அப்புறம் இது எப்படி சார் பத்திரம் வித்த செலவு?" என்று கேட்டார் அம்மையார்.

"எல்லாரும் பண்றதுதாம்மா. கையெழுத்துப் போடு."

அவர் போடவில்லை. ஒரே வாரத்தில், அலுவலகக் காகிதங்களைத் திருடினார் என்று பழி சுமத்தி அவரை அனுப்பிவிட்டார்கள். காகிதத்தைத் திருடுகிறவர் கோப்பை ஏன் திருப்பித் தள்ளப்போகிறார்? இதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் மறுத்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வைத்திக்குப்பத்து அம்மா, எங்கள் நிறுவனம் அச்சடித்த விளம்பரத் தாளை என்னிடம் நீட்டினார். "லாபமுன்னு போட்டுருக்கே சார், நம்பிப் போடலாமா? பொண்ண நர்சு படிக்க வைக்கணும்."

"போடலாம்மா" என்றேன்.

இரண்டு வருடத்தில் வட்டி நின்றது. பிறகு கதவும் மூடியது. முதலாளி பாரிசிலிருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே நன்றாகவே இருக்கிறார் என்று கேள்வி. இன்றும் இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பத்திரம் விற்ற செலவில் எது சேரும், எது சேராது என்று இப்போது பயிற்சி வகுப்புகளில் ஏதோ நுணுக்கம் போல விளக்குகிறார்கள். அதில் நுணுக்கம் எதுவும் இல்லை. அந்த அம்மையார் கேட்ட ஒரே கேள்விதான் விதி. விதி தெரியாமல் யாரும் தவறவில்லை.

ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டைத் தேடிப் போய், மீன்காரம்மா என் பேச்சை நம்பிப் பணம் போட்டு இழந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை. "எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? எனக்கு வேலைதான் போச்சு. வைத்திக்குப்பம் போங்க" என்று கதவைச் சாத்தினார்.

போனேன். மகள் படிப்பை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்பதாகச் சொன்னார் மீன்காரம்மா. கணக்கில் நடந்ததை அவருக்குப் புரியும்படி சொல்லி முடித்தேன். மீன் அரிந்துகொண்டிருந்த கை நின்றது.

"அன்னிக்கு நா கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"

அதுவரை என்னை 'சார்' என்றுதான் அழைத்திருந்தார்.

"தெரியும்" என்றேன்.