ஏலத்தில் எடுத்த பலகாரம்

பெங்களூர் பிரேசர் டவுனில் யாரும் எதையும் அறுப்பதில்லை. ஆனாலும் எங்கள் தமிழ்ச் சபையில் வருஷம் தவறாமல் அறுப்பின் பண்டிகை நடக்கும். சனிக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய பூசணிக்காயை ஞாயிறு காலை ஆண்டவருக்குப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதே பூசணியை ஏலத்தில் நாங்களே திரும்ப எடுப்போம். ஏலம் விடுவது என் பெரியப்பா. அவர் குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் மைக்கை யாருக்கும் கொடுக்கமாட்டார். இரண்டு பேருக்குள் போட்டி வந்துவிட்டால் ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். எல்லாம் ஆண்டவருடைய நாமத்துக்கே மகிமை.

எனக்குப் பத்து வயதான வருஷம் நைஜீரியாவிலிருந்து பார்மசி படிக்க வந்த ஒருவர் எங்கள் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார். சர்ச்சுக்குப் பின்சந்தில் அறை எடுத்திருந்தார். தமிழ் தெரியாது. பாட்டின் மெட்டு தெரிந்ததென்றால் தன் மொழியில் சேர்ந்து பாடுவார். கடைசிப் பெஞ்சில் உட்காருவார். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அவர் பெயரை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எங்கள் சபையில் ஆண்கள் எல்லோரும் பிரதர் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பண்டிகைக்கு அவரும் ஒரு டப்பா கொண்டுவந்தார். கண்ணாடி மூடி வழியே பார்த்தேன். உருண்டை உருண்டையாக, பொன்னிறமாக, அச்சு அசல் எங்கள் வீட்டு இனிப்புச் சுழியம். மேஜையில் பழங்களை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் அதைக் கொடுத்துவிட்டு மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்: அம்மாவிடம் போனில் கேட்டுக் கேட்டுச் செய்தாராம். அவர்கள் ஊர் சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று புதிதாய் வந்தவன் சமைத்ததைச் சபையார் சாப்பிட்டுவிட்டால் அதற்குமேல் அவன் அந்நியன் இல்லையாம். பிறகு கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட தமிழில், "இன்னிக்கு பாக்கலாம், தங்கச்சி" என்றார். ஆறு மாதம் அந்தக் காலிப் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே புரிந்தது.

அன்றைய பிரசங்கம், கிறிஸ்துவுக்குள் கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை என்பது. போதகர் உருகிப் பேசினார், பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ஏலம் தொடங்கியது. பூசணி போயிற்று, கரும்புக்கட்டு போயிற்று, ஒருவர் வீட்டுக் கேக் அடிதடியாய்ப் போயிற்று. பெரியப்பா அந்த டப்பாவைத் தூக்கினார்.

"நம்ம பிரதர் கொண்டாந்த பலகாரம்! ஐம்பது ரூபா! யாராச்சும் கேளுங்கப்பா!"

யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து பெரியப்பாவுக்குப் பேச்சு அடைத்தது அன்று ஒருநாள்தான். பின்னால் ஒரு பெண், "அதுல என்னா கறி போட்டிருக்காங்களோ" என்றது எனக்கே கேட்டது. கடைசிப் பெஞ்சில் அவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

அப்போது சபைச் செயலாளரான என் அப்பா கையைத் தூக்கினார். "ஐந்நூறு!"

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கைதட்டல் அடங்கவே இல்லை. போதகர் வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார், அப்பா கடைசிப் பெஞ்சுக்குப் போய் அந்தப் பிரதரைக் கட்டிக்கொண்டார், யாரோ போட்டோ எடுத்தார்கள். என் அப்பாவைப்போல ஓர் ஆள் பெங்களூரிலேயே கிடையாது என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா டப்பாவைத் திறக்கவே இல்லை. "புள்ளைங்களுக்கு எதனா ஆயிடுச்சின்னா யாரு பொறுப்பு?"

அப்பா சட்டையை மாட்டியில் போட்டபடி, "சர்ச்ல வாங்கினதோட என் வேலை முடிஞ்சுது. தின்னணும்னு யாரு சொன்னா?" என்றார். அப்பா கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை குப்பை ஆட்டோ வந்தபோது டப்பாவை என்னிடம் கொடுத்தார்கள். பச்சை வாளியில் கவிழ்த்தேன். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம், யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். எனக்கும் பயம்தான்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதில் அம்மா கண்டிப்பு. டப்பாவைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, நிறைய முறுக்கு வைத்து, அடுத்த ஞாயிறு என் கையில் கொடுத்தார். "கேட்டாருன்னா நல்லா இருந்துச்சின்னு சொல்லு, அவ்ளோதான்."

அவர் கேட்டார். சாப்பிட்டீர்களா, வீட்டில் எல்லோருமா என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நல்லா இருந்தது என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது என்று எனக்குத் தோன்றியது. அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதனால் சேர்த்துச் சொன்னேன்: எங்கள் சுழியம் மாதிரியே இருந்தது, இனிப்பு ரொம்பச் சரியாக இருந்தது, அப்பா மட்டும் நாலு சாப்பிட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார். பிறகு குனிந்து, "ஆமாம், என் அம்மாவும் அவ்வளவு இனிப்புதான் போடுவாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் முன்னாலேயே டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துத் தின்றார். அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். கெட்டிக்காரி என்று அம்மா என் கன்னத்தைத் தட்டினார். அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் சர்ச்சுக்கு வரவில்லை. "அவங்க ஆளுங்களோட இருந்தாதான் அவருக்கும் வசதி" என்றார் அப்பா. ஊருக்கு எதற்கோ போயிருப்பார் என்று நான் சில வாரங்கள் கடைசிப் பெஞ்சைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த நைஜீரியப் பெண் மதிய உணவில் எனக்கு ஒன்று எடுத்துவைத்தாள். அதே உருண்டை, அதே பொன்னிறம். கடித்தேன். வெங்காயம், மிளகாய், உப்பு. ஊறவைத்து அரைத்த காராமணி. மழை வந்தால் அம்மா சுடுகிற வடைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இதில் இனிப்பு போடுவதுண்டா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அவர்கள் ஊரில் யாரும் போடமாட்டார்களாம்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் பொய் சொல்கிறேன் என்பது இனிப்பு என்ற வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு பத்து வயதுப் பெண் தன் முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்று, தன் அம்மா ஒருநாளும் போடாத சர்க்கரையை அவர் அந்தப் பலகாரத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தார்.