ஆயுத பூசைக்கு வைத்த நிஞ்ஜா அக்காக்கள்

போன வாரம் முழங்கால் வலி என்று ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். என் நம்பர் நாற்பத்தேழு. பலகையில் எரிந்துகொண்டிருந்தது பத்தொன்பது. அதைப் பார்த்ததுமே பாதி எரிச்சல் வந்துவிட்டது. மீதி எரிச்சல் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணால் வந்தது. கைப்பேசியைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் எதையோ அடி அடி என்று அடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான். இருபத்தேழு பேர் முன்னால் இருக்கும்போது நல்ல பழக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எட்டிப் பார்த்தேன்.

பார்த்தால், நம் நிஞ்ஜா அக்காக்கள்! முகத்தில் பாதிக்குக் கண், இடுப்பு வரை முடி, முதுகில் வாள். ஆறு பெண்கள், ஒரு ஆண்கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் கையில் பிடித்து ஆடுகிற கேம் பெட்டியில் கடுகளவு தெரிந்தவர்கள் இப்போது பளபளவென்று வந்து நிற்கிறார்கள். வாய் சும்மா இருக்குமா? "அந்தச் சேப்புத் துணிக்காரிய எடுக்காதம்மா, அவளுக்குக் கை ஸ்லோ" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள். நரைத்த தலையோடு ஒரு பெண்பிள்ளை இதைச் சொன்னால் யார்தான் தள்ளிப் போகமாட்டார்கள்?

அந்த விளையாட்டின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அட்டைப்பெட்டியில் முழுக்க ஜப்பானிய எழுத்து. நாங்கள் 'நிஞ்ஜா அக்கா கேம்' என்போம். நாங்கள் என்றால், ஜெலாப்பாங்கில் அப்போதிருந்த ஒரு கிலாங்கில் வேலை பார்த்த பெண்கள். தொழிற்சாலை என்று யார் சொன்னார்கள், மலாயில் சொல்கிற கிலாங்தான் எங்கள் வாயிலும். சின்னச் சின்னப் பலகைகளில் இருக்கும் பற்றவைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சரியில்லாததை இடுக்கியால் எடுத்து ஒதுக்குவது என் வேலை. பன்னிரண்டு மணி நேரம் இதைச் செய்தால் கண்ணை மூடினாலும் ஈயப் பொட்டுதான் தெரியும்.

கிலாங் பஸ் சுங்கை சிப்பூட்டில் கிளம்பும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஏறினால் தேங்காய் எண்ணெயும், வாடிய மல்லிகையும், யாரோ கட்டி எடுத்து வந்த சம்பல் நெத்திலியும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இப்போது எங்கேயாவது நெத்திலி வதக்கினால்கூட எனக்கு அந்த பஸ்ஸின் கிழிந்த இருக்கைதான் ஞாபகம் வருகிறது. அந்த இருக்கையில் என் பக்கத்தில் உட்காருபவர் தவமணி அக்கா. கேம் பெட்டி அவருடையது. இன்னும் சரியாகச் சொன்னால், அவருடைய மகள் யோகியுடையது.

தவமணி அக்காவுக்கும் புருஷனுக்கும் ஒத்துவரவில்லை. பிள்ளை கோப்பெங்கில் அப்பா வீட்டில் இருந்தாள், பதினொரு வயது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் வரலாம். ஆனால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியபோது, அந்த வீட்டார் நல்லவர்கள் மாதிரி ஒரு பேச்சைச் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு மாதமும் பிள்ளையைக் கேட்போம், அவள் வருகிறேன் என்றால் அனுப்புவோம் என்று. பிள்ளையின் சந்தோஷமாம்! பதினொரு வயதுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை, அங்கே பெரிய டிவி, அத்தை மகள்கள். இங்கே அம்மாவின் ஒற்றை வாடகை அறை. அவள் என்ன சொல்வாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதற்காகத்தான் தவமணி அக்கா ஈப்போவில் ஒரு பழைய காம்ப்ளெக்ஸின் மூன்றாவது மாடியில் இந்தப் பெட்டியைப் பழசில் வாங்கினார். கேமோடு சேர்த்து. பெட்டி அம்மா வீட்டில்தான் இருக்கும், வந்தால் விளையாடலாம். யோகி ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தாள். அது லஞ்சம் இல்லையா என்று நான் ஒருமுறை வாய்த்துடுக்காகக் கேட்டேன். லஞ்சம்தான் என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார்.

யோகி கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டாள். அங்கே வெள்ளைமுடிக்காரி ஒருத்தி தனியாக நிற்பாள். அவளைத் தோற்கடித்தால் ஏழாவது ஆளாக நம் பக்கம் வந்துவிடுவாள், அப்புறம் அவளை வைத்தே ஆடலாம். அந்த ராட்சசி ஒரு சுற்றுச் சுற்றினால் நம் ஆள் காலி. தீபாவளிக்கு வரும்போது வெள்ளைமுடிக்காரி இருக்கணும் என்று பிள்ளை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அக்கா பெட்டியைப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்துவிடுவார், எங்களுக்கு அதுதான் வேலை.

அந்தக் கேமை வரைந்தவன் யாரோ, அவன் கையில் நாலு போடவேண்டும். அடி வாங்க வாங்க அந்தப் பெண்களின் சட்டை கிழியும். சண்டைக்குப் போகிற பெண்ணுக்கு ஒரு நல்ல துணி எடுத்துக் கொடுக்கக் கூடாதா? டிரைவர் முனியாண்டி அண்ணே வேறு கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். எங்களுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அதனால் ஒரு சட்டம் போட்டோம்: சட்டையில் ஒரு கை கிழிந்தாலும் பெட்டியை உடனே அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். விளைவு, அந்த பஸ்ஸில் இருந்த எல்லோரும் அடி வாங்காமல் ஒதுங்குவதில் புலியாகிவிட்டோம். அடிக்கத்தான் வரவில்லை. வெள்ளைமுடிக்காரி எங்களைத் துரத்துவாள், நாங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுவோம், அதற்குள் ஜெலாப்பாங் வந்துவிடும்.

வார இறுதியில் பெட்டி முறைவைத்து ஒருத்தி வீட்டுக்குப் போகும். உட்கார்ந்து பழகட்டும் என்று அக்காவே கொடுத்தனுப்புவார். என் முறை வந்த சனிக்கிழமைதான் ஆயுத பூசை.

எங்கள் வீட்டில் இந்தப் பூசையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வீட்டு வாசலில் பால் வெட்டுகிற கத்தி, வாளி, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைப்போம். தோட்டம் விற்றுப் போய் வீடமைப்பு வந்த பிறகும் அம்மா தன் கத்தியைப் பத்திரமாக வைத்திருந்தார், வருடத்தில் அந்த ஒரு நாளுக்காக. அண்ணன் லாரிச் சாவியை வைத்தான். அப்பா ஸ்பேனர்களை வைத்தார். உன்னுடையது எங்கே என்று அம்மா கேட்டார். எனக்கு என்ன இருக்கிறது? என் இடுக்கி கிலாங்குச் சொத்து, வாசலில் பையைத் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன், சாமிக்கு முன்னால் வைக்க ஒரு சாமான் இல்லை. அந்த எரிச்சலில் பையைத் திறந்து கேம் பெட்டியை எடுத்து வைத்தேன். என் கை தினமும் பிடிக்கிற கருவி அதுதானே.

அம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. கருவி என்றால் கருவி. சந்தனத்தைக் கரைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், பெட்டியில் வட்ட வட்டமாக நாலு பட்டன் இருப்பதைப் பார்த்து, பொட்டுக்கென்றே செய்து வைத்த இடம் என்று நினைத்தாரோ என்னவோ, நாலின் மேலும் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார். பிறகு மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்து பார்த்தபோது சந்தனம் பட்டனின் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனேன். "தொடாத. நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்" என்றார் அப்பா. பூசையில் வைத்த கருவியை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது. தோட்டத்தில் ஒரு ஆள் அன்றைக்கே கத்தியை எடுத்து வாழையிலை அறுத்து, மறுநாள் மரத்தடியில் விரலை வெட்டிக்கொண்ட கதையை அப்பா முப்பது தடவையாவது சொல்லியிருப்பார். கிலாங்கில் ஒரு சொட்டு ஈரம் பட்டால் பலகை பாழ் என்று தினமும் புதுப் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். நானே உட்கார்ந்து, அது காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஈரத்துணி, ஊக்கு, காது குடையும் பஞ்சு. மூன்று பட்டன் சரியாகிவிட்டது. அடிக்கிற பட்டன் மட்டும் கொஞ்சம் இறுக்கம், ஆனால் வேலை செய்தது. திங்கட்கிழமை பெட்டியை அக்காவிடம் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை. வேலை செய்கிறதே, சொல்வானேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை, வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில், தவமணி அக்கா கையில் பெட்டி. என்ன நேரமோ, அன்றைக்கு அவர் ஒதுங்கவில்லை, அடித்தார். வெள்ளைமுடிக்காரிக்குக் கடுகளவு உயிர்தான் மிச்சம். பஸ்ஸே எழுந்து நின்றது. அக்கா ஓங்கி அழுத்தினார். பட்டன் உள்ளே போனது, மேலே வரவில்லை. நிஞ்ஜா அக்கா கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளைமுடிக்காரி நிதானமாக வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"நான்தான் வேகமா அழுத்திட்டேன்" என்றார் அக்கா. அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

பெட்டியை வாங்கிய கடைக்கு அவர் தனியாகப் போய்வந்தார். ஜப்பான் செட், பட்டன் கிடைக்காதாம், அந்தக் கேம் உள்ளூர் செட்டில் ஓடாதாம். என்னிடம் சொன்னது அவ்வளவுதான். நான் அச்சச்சோ என்றேன். அந்த அச்சச்சோவை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

தீபாவளிக்கு யோகி வந்தாள். அம்மாதான் உடைத்துவிட்டேன் என்று அக்கா சொன்னாராம். பிள்ளை கோபப்படவில்லை, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம். அடுத்த மாதம் கேட்டபோது, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்கடுத்த மாதம் பரீட்சை. அப்புறம் அந்த வீட்டார் கேட்டார்களோ இல்லையோ. நான் பஸ்ஸில் இடம் மாறிப் பின்னால் போய் உட்கார்ந்தேன், முன்னால் தலை சுற்றுகிறது என்று சொல்லி. எட்டு மாதம் கழித்து கிலாங்கை மூடி எங்களை எல்லாம் கணக்கு முடித்து அனுப்பினார்கள்.

கிளினிக்கிலிருந்து வந்தபின் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள், தவமணி அக்கா புந்தோங் பக்கம் ஒரு பிளாட்டில் இருப்பதை விசாரித்துக்கொண்டு போனேன். என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். இருபது நிமிடத்தில் இருந்தவரைப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அக்கா சந்தோஷமாகத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தார். தேத்தண்ணி கலந்து கொடுத்தார். யோகி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாளாம், தீபாவளிக்கு வந்தால் அரை நாள் இருப்பாளாம். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன், பூசை, சந்தனம், மஞ்சள் தண்ணீர், புதன்கிழமை.

"தெரியும்லா" என்றார். "கடக்காரன் பட்டன கழட்டிக் காட்டுனான். அடியில சந்தனம் காஞ்சி கெடந்துச்சு. ஒங்க வீட்லேர்ந்துதானே வந்துச்சு."

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"நீயே வந்து சொல்லுவன்னு இருந்தேன். கிலாங் மூடுற வரைக்கும் இருந்தேன். நீ யோகிகிட்ட வந்து, ஆண்ட்டி சாமிக்கு வச்சேன், எங்கம்மா நிஞ்ஜாவுக்குப் பொட்டு வச்சி பட்டன கெடுத்து ரோசாக் ஆக்கிட்டாங்கன்னு சொல்லிருந்தா, அது விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும். அந்தக் கதைய கேக்கவே இன்னொரு தடவ வந்திருக்கும். அத நான் எப்படி சொல்றது? நீ வாயே தெறக்கல."

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

திரும்பும்போது ஜெலாப்பாங் வழியாக வந்தேன். கிலாங் இருந்த கட்டடம் இப்போது பார்சல் கிடங்கு. பஸ்களை ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து யோகியின் நம்பரை அழுத்தப் போனேன், அக்கா கொடுத்திருந்தார். என்னவென்று சொல்வது? ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெண் மரியாதைக்குச் சிரிப்பாள், நன்றி ஆண்ட்டி என்பாள், போனை வைப்பாள். அது பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டிய கதை. அந்தப் பிள்ளை இப்போது எந்த நம்பரிலும் கிடைக்க மாட்டாள்.